ஒண்ணாம் கவுன்ட்டர் சாட்சி

இல்ல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கடையில பாரபட்சம் நடந்துச்சா, ஆமாவா இல்லையான்னு ஒரே வார்த்தையில சொல்லச் சொல்றீங்க. எனக்கு ஒரே வார்த்தையில பேச வராது. எங்க வீட்டுக்காரர்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. உப்பு போதுமான்னு கேட்டாக்கூட உப்பு வாங்கப் போன கதையில இருந்துதான் ஆரம்பிப்பான்னு சொல்லுவார். நடந்ததை நடந்த மாதிரி சொல்லிடறேன். அது பாரபட்சமா வேற ஏதாவதான்னு கடைசியில பார்த்துக்கலாம்.

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா? எனக்காக இல்ல. நீங்க ஒரு கையில பேப்பரை அமுக்கிக்கிட்டு இன்னொரு கையில எழுதறீங்க, பார்க்கற எனக்குக் கை வலிக்குது. ஆங், இப்ப சரி.

கடை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பஸ் டிப்போவுக்கு எதிர்ல, கண்ணாடிக் கதவு போட்டது. மளிகை, காய்கறி, பாத்திரம், சோப்பு, செருப்புன்னு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. வந்திருக்கீங்களா? பில் போடறப்ப ஒருத்தி உங்ககிட்ட வளவளன்னு பேசினாளா? அப்ப அது நான்தான். மத்தவங்க அவ்வளவு பேச மாட்டாங்க.

வாசலை ஒட்டி இருக்கறது ஒண்ணாம் கவுன்ட்டர். அங்க மட்டும் உட்கார நாற்காலி உண்டு. மத்த கவுன்ட்டர்ல எல்லாம் நின்னுக்கிட்டேதான். கண்ணாடியக்காவுக்கு முழங்கால்ல ஆபரேஷன் ஆனப்ப, கடையை இந்தக் கம்பெனிக்கு வித்துட்டுப் போன பழைய முதலாளி போட்டுக் கொடுத்த நாற்காலி அது. கண்ணாடியக்கான்னா எங்க எல்லாருக்கும் மூத்தவங்க. சோடா புட்டி மாதிரி கண்ணாடி போட்டிருப்பாங்க. அவங்க, நான், அப்பறம் நெட்டையக்கான்னு ஒருத்தங்க, மூணு பேரும் மாறி மாறி அங்கதான் உட்காருவோம். மூணு பேர் முழங்காலும் ஒரே நேரத்துல வலிக்காதபடி பேசி வச்சுக்கிட்டோம்னு நெட்டையக்கா சொல்லுவாங்க.

போன மழைக்காலத்துல தெருக்கோடியில இன்னொரு பெரிய கடை திறந்துட்டாங்க. எங்களுக்கு வியாபாரம் படுத்துடுச்சு. ஆள் வேலை நேரத்தைக் குறைங்க, யாருக்கு எவ்வளவுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்கன்னு ஹெட் ஆபீஸ் சொல்லிடுச்சு. அப்பதான் எங்க மேனேஜர் புதுசா வந்திருந்தாங்க. சின்ன வயசு. உங்க வயசுதான் இருக்கும். வேற ஊர்க் கிளையில இருந்து மாத்தலாகி வந்தவங்க.

இல்ல மேடம், கெட்டவங்க இல்ல. அதை முதல்லயே எழுதிக்குங்க. ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு. அலமாரியில டப்பா ஒண்ணு திரும்பியிருந்தா அதை நேரா வைக்காம தாண்டிப் போக மாட்டாங்க. சின்னப் பிள்ளையில பென்சிலைச் சீவி உயரப்படி அடுக்கி வச்சிருக்கும் பாருங்க சில பிள்ளைங்க, அந்த ரகம். ஆள் பார்த்து வேலை நேரம் கொடுத்தா சண்டை வரும்னு பயந்துட்டாங்க. அதனால கம்ப்யூட்டரைக் கேட்டாங்க.

கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குதாமே. எந்தக் கவுன்ட்டர்ல யாரு, ஒரு பில் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கறாங்கன்னு அதுவே கணக்குப் போட்டு வச்சிருக்கு. இத்தனை வருஷமா அது எங்களைப் பார்த்துக்கிட்டு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் தலையாவது ஒழுங்கா வாரிக்கிட்டு வந்திருப்பேன். வேகமா பில் போடறவங்களுக்கு நேரம் கூட, மெதுவா போடறவங்களுக்குக் கம்மி. இவ்வளவுதான் விதி. எல்லாருக்கும் ஒரே விதி.

ஒரு திங்கக்கிழமை காலையில சுவத்துல அட்டவணையை ஒட்டினாங்க. கடைசியில இருந்தது யாருன்னு நெனக்கறீங்க? கண்ணாடியக்கா, நெட்டையக்கா, நான். கூடவே மீசையண்ணன். பழைய முதலாளி காலத்துல இருந்தே அரிசிப் பக்கம் மூட்டை தூக்கறவர் அவர், கவுன்ட்டர்ல ஆள் இல்லைன்னா வந்து நிப்பார். ஒரு விரலால தட்டித் தட்டி பில் போடுவார். அவர் பேரு கடைசியில வந்ததுல எனக்கு ஆட்சேபணையே இல்ல. அவர் பில் போட்டு முடிக்கறதுக்குள்ள பாலு தயிராயிடும்.

நாலு பேருக்கும் நேரம் பாதியாயிடுச்சு. அதுல முதல்ல வெட்டினது என்னோடதை. எல்லாரையும் நிக்க வச்சு, முதல் பேரா என் பேரைத்தான் படிச்சாங்க மேனேஜர். படிச்சிட்டு, இதுல யாருக்கும் சலுகை கிடையாதுன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் யாரும் வாயே திறக்கலை.

ஏன் திறக்கலைன்னா... திறக்கலை மேடம். சொல்லிக்கிட்டே வர்றேன்ல.

எனக்கு என்ன, பாதி நாள் வீட்டுல. முதல் வாரம் அலமாரி எல்லாம் ஒழுங்கு பண்ணினேன். ரெண்டாவது வாரம் வீட்டுக்காரரை ஒழுங்கு பண்ண ஆரம்பிச்சேன். ஓய்வு வாங்கின டிரைவர் அவர், மத்தியானம் கால் நீட்டிப் படுத்து டிவி பார்ப்பார். இந்தக் காலை மடக்குங்க, இந்தத் தம்ளரை எடுத்துட்டுப் போங்கன்னு நான் ஓயாம சொல்லவும் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். உன் கடையில நான் வேணா பேசறேன், முழு நேரம் கொடுக்கச் சொல்றேன்னார். நீங்க ஒண்ணும் பேச வேணாம், உங்க பேச்சு அங்க எடுபடாதுன்னேன்.

ஆனா கண்ணாடியக்கா விஷயம் சிரிக்கற விஷயம் இல்ல. முழு நேரம் பார்க்கறவங்களுக்குத்தான் கம்பெனி மருத்துவ அட்டை. பாதி நேரம்னா அட்டை போச்சு. அவங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு. வாரா வாரம் ரத்தம் சுத்தம் பண்ண அந்த அட்டையைக் காட்டித்தான் பண்றாங்க. இந்த மாசம் முடிஞ்சா அட்டை செல்லாது. அக்கா அழக்கூட இல்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, போட்டுக்கிட்டாங்க, மறுபடி கழட்டித் துடைச்சாங்க. அவ்வளவுதான். அதான் இன்னிக்கு நான் இங்க உட்கார்ந்திருக்கேன்.

கூட்டம் போட்டோம். எங்கன்னா, குடோன்ல, டிஷ்யூ பேப்பர் மூட்டை மேல. மெத்து மெத்துன்னு நல்லா இருக்கும். அங்கதான் முதல் தடவையா இந்தப் பாரபட்சம்கற வார்த்தையை நெட்டையக்கா எடுத்தாங்க. டிவியில கேட்டாங்களாம். உடனே ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நாம பொம்பளைங்க, அதான்னு ஒருத்தி. வேகமா பில் போடறவளும் பொம்பளைதானேன்னு இன்னொருத்தி. நான் குட்டையா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பாங்களான்னு நெட்டையக்கா. மேனேஜர் சொன்ன ஜோக்குக்கு நான் சிரிக்கலை, அதான்னு கண்ணாடியக்கா. மேனேஜர் ஜோக்கே சொல்ல மாட்டாங்களேன்னு நான். மீசையண்ணன் ஓரமா நின்னு கேட்டுக்கிட்டே இருந்துட்டு, பொம்பளைங்களுக்கு அநியாயம்னு எழுதினா என் பேரையும் சேர்த்துடுங்கம்மான்னார். மூட்டையில இருந்து உருண்டு விழற அளவுக்குச் சிரிச்சோம். பாவம், அவர் நெஜமாத்தான் கேட்டார்.

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க மேடம், காலையில இருந்து முகத்தை அப்படியே வச்சிருக்கீங்க.

அப்பதான் மின்னல் வந்தா. மின்னல்னா எங்க கடையிலேயே வேகமா பில் போடற பொண்ணு. கை போறது கண்ணுக்குத் தெரியாது. எங்ககிட்ட வெட்டின நேரத்தை எல்லாம் தூக்கி அவ தலையிலதான் கட்டியிருந்தாங்க. வந்தவ மூட்டை மேல பொத்துன்னு உட்கார்ந்தா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. என் புள்ளை அத்தையை அம்மான்னு கூப்பிடுதுக்கா, அவங்களைத்தான் அது தினம் பார்க்குதுன்னா. எங்களுக்கு நேரம் போச்சு, அவளுக்குத் தூக்கம் போச்சு. சரியான பங்கு பிரிப்பு.

அவதான் கேட்டா. நீங்க மூணு பேரும் ஏன்க்கா ஆள் வந்து நின்ன உடனே ஒரு சாமானை டப்புன்னு அடிச்சு வைக்கறீங்கன்னு.

எங்களுக்கு முதல்ல புரியலை. அது எங்க கைப்பழக்கம் மேடம். பழைய முதலாளி காலத்துல வரிசை நீளமா இருக்கும். வரிசையில நிக்கறவங்க பொறுமை இல்லாம ட்ராலியை அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க. அதனால ஆள் கவுன்ட்டருக்கு வந்த உடனே கைக்குக் கெடைக்கற ஒரு சாமானை எடுத்து ஸ்கேனர்ல காட்டிடணும்னு அவர் சொல்லிக் கொடுத்தார். பீப்னு சத்தம் கேட்டுடுச்சுன்னா அவங்க நகர மாட்டாங்களாம். நம்ம பில் ஆரம்பிச்சாச்சுன்னு நிம்மதியா நிப்பாங்களாம். நெஜமாவே நிப்பாங்க. அப்பறம் அவங்க ட்ராலியைக் காலி பண்ணுவாங்க, பையைத் தேடுவாங்க, குழந்தை கையில இருக்கற பிஸ்கட்டைப் பிடுங்குவாங்க, நான் சௌக்கியமான்னு கேப்பேன், மத்ததை அடிப்பேன். அந்தக் காலத்துல சேர்ந்தவங்க எல்லாரும் அப்படித்தான். கை தன்னால போகும்.

மின்னல் தலையில அடிச்சுக்கிட்டா. அக்கா, அந்த முதல் பீப்ல இருந்துதான் கம்ப்யூட்டர் கடிகாரமே ஓடும், நாங்க எல்லாத்தையும் எடுத்து அடுக்கி வச்சுட்டு, பையையும் விரிச்சு வச்சுட்டு, கடைசியிலதான் முதல் சாமானை அடிப்போம், நீங்க ஆள் வந்த உடனே கடிகாரத்தைத் திருகி விட்டுட்டு ஊர்க்கதை பேசறீங்கன்னா.

பாருங்க மேடம். ஆள் வந்து நின்னதுல இருந்து பில் வாங்கிட்டுப் போற வரைக்கும் பார்த்தா எங்களுக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. கொஞ்சம் இருக்கு, இல்லேங்கலை. என் வாய்க்கு அந்தக் கொஞ்சத்தைக் கழிச்சுக்கலாம். ஆனா பாதி நேரத்தை வெட்டற வித்தியாசம் இல்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். அது போய் இடிக்கறது மட்டும் பழைய ஆளுங்க மேல. வயசானவங்களைத் தள்ளுங்கன்னு யாரும் சொல்லலை. ஆனா தள்ளப்பட்டவங்க எல்லாரும் வயசானவங்க. இதுக்கு என்ன பேருன்னு உங்க புஸ்தகத்துல இருக்கும்.

இருக்கா? வேணும்னு செய்யலைன்னாலும் அதே பேருதானா?

ம்.

இல்ல, தண்ணி வேணாம். சும்மாதான்.

மேனேஜர்கிட்ட சொல்லாம நேரா உங்ககிட்ட வந்துட்டோம்னு நெனக்காதீங்க. சொன்னோம். எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுத் தள்ளினாங்க, நீதான் போய்ச் சொல்லணும்னு. ஒரு நாள் வேலை நேரம் முடிஞ்சு தனியா பேச நேரம் கெடச்சுது. எங்க பேசினோம்கறது அவ்வளவு முக்கியமா? கடையில இல்ல, வெளியில. முதல் பீப் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டாங்க. முகம் அப்படியே வாடிடுச்சு. அவங்களுக்கு அது உறைச்சுடுச்சுன்னு எனக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சுது. கண்ணாடியக்கா அட்டையைப் பத்தி நான் சொன்னப்ப கையில இருந்த வேலையை அப்படியே வச்சுட்டாங்க.

அப்பறம் சொன்னாங்க. நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். ஆனா மத்த யார் வந்து சொல்லியிருந்தாலும் நான் மாத்தியிருப்பேன், நீங்க வந்து சொல்லி நான் மாத்தினா நாளைக்கு ஒருத்தர் என்னை நம்ப மாட்டாங்க. வெளியில இருந்து யாராவது விசாரிச்சுச் சொல்லட்டும். எழுதிக் கொடுங்க.

எழுதிக் கொடுங்கன்னு அவங்களேதான் சொன்னாங்க மேடம். இந்த லேபர் ஆபீஸ் எங்க இருக்கு, எத்தனை மணிக்குத் திறக்கும்னு சொன்னதும் அவங்கதான். உங்க வாசல்ல செருப்பு விடற இடத்துல படி உடைஞ்சிருக்கு, பார்த்துப் போங்கன்னு வரைக்கும் சொன்னாங்க. முந்தின நாளே வந்து பார்த்திருக்காங்க போல.

இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா? நீங்க உங்க ஃபாரத்துல அந்தக் கட்டத்துல பாரபட்சம்னு எழுதிட்டா, மேனேஜருக்கு என்ன ஆகும்?

வேலை நேரத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு. சரி. அது நல்லது. கண்ணாடியக்காவுக்கு அட்டை வந்துடும். அப்பறம்? எச்சரிக்கையா? அது அவங்க ஃபைல்லயே இருக்குமா? எப்பவுமேவா?

வேலை போகாதுல்ல?

இல்ல, சும்மாக் கேட்டேன். முதல் தடவை மேனேஜரா வந்திருக்காங்க. ராத்திரி பகல்னு பார்க்காம படிச்சு மேல வந்தவங்க. பதவி உயர்வு கெடச்ச அன்னிக்கு எங்க தெருவே... எல்லாரும் சந்தோஷப்பட்டாங்கன்னு கேள்வி. முதல் பக்கத்துலயே சிவப்பு மையா இருக்குமேன்னு ஒரு நெனப்பு. வேற ஒண்ணும் இல்ல.

சரி, நீங்க மிச்சத்தைக் கேட்டு முடிச்சுடுங்க. பேரு சொல்லியாச்சு. வயசு சொல்லியாச்சு, அதுல ஒண்ணு ரெண்டு குறைச்சுச் சொல்லியிருந்தா கண்டுக்காதீங்க. எத்தனை வருஷமா வேலை பார்க்கறேன்னு சொல்லியாச்சு. தகராறு? இல்ல, மேனேஜரோட எனக்கு முன்விரோதம் ஒண்ணும் கெடையாது. சின்னச் சின்ன வாக்குவாதம் உண்டு. அது எல்லார்கிட்டயும் உண்டு.

உறவா?

எல்லார்கிட்டயும் இதைக் கேப்பீங்களா? வழக்கமான கேள்வியா. ஓ.

உறவுதான் மேடம். என் பொண்ணு.

ஏன் பேனாவை வச்சுட்டீங்க? நெஜமாத்தான். பெத்த பொண்ணு, ஒரே பொண்ணு. நான் மறைக்கலை, நீங்க இப்பதானே கேட்டீங்க. கடையில ஈ எறும்புக்கெல்லாம் தெரியும். அவ மாத்தலாகி வந்த அன்னிக்கே எங்களுக்குள்ள பேச்சு, கடைச் சட்டையைப் போட்டுட்டா அவங்க மேனேஜர், நான் பில் போடறவ. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டின அப்பறம்தான் அம்மா, பொண்ணு. இன்னிக்குக் கடை விஷயமா வந்திருக்கேனா, அதான் வாயில அவங்கன்னே வருது.

அவ மோசமானவ இல்ல மேடம். அம்மா வேலை பார்க்கற கடைக்கு மேனேஜராப் போறோம், நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னு பயந்துதான் என் நேரத்தை முதல்ல வெட்டினா. பெத்தவளையே வெட்டிட்டோம், இனிமே யாரு நம்மளைக் கேள்வி கேக்கறதுன்னு நெனச்சுட்டா. அவளைப் பொறுத்தவரைக்கும் அதுதான் நியாயம். ஆனா எனக்குப் பண்ணினதை நான் சிரிச்சுக்கிட்டே தாங்கிக்குவேன், ஏன்னா அவ என் வயித்துல பொறந்தவ. கண்ணாடியக்காவும் நெட்டையக்காவும் அவளைப் பெக்கலையே. அவங்க எதுக்குத் தாங்கணும்?

அதை அவகிட்டயே சொன்னேன். நேத்து சாயங்காலம், சட்டையைக் கழட்டின அப்பறம். போய் உள்ளதைச் சொல்லும்மான்னா. சொல்லிட்டு என் மடியில தலையை வச்சுப் படுத்துக்கிட்டா. நான் என்ன சொல்லப் போறேன்னு அவளும் கேக்கலை, நானும் சொல்லலை.

வெளியில பெஞ்சுல நீலச் சுடிதார் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கே, நீங்க டீ குடிக்கப் போறப்ப காலைத் தள்ளி வழி விட்டதே, அவதான். அடுத்து அவளைத்தான் கூப்பிடப் போறீங்க. ஒரே வண்டியிலதான் வந்தோம். திரும்பிப் போறதும் ஒரே வண்டியிலதான், வேற வழி இல்ல, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

எழுதிக்குங்க மேடம். உறவுன்னு கேட்ட எடத்துல அம்மான்னு போடுங்க. பாரபட்சமான்னு கேட்ட எடத்துல ஆமான்னு போடுங்க.

கையெழுத்து எங்க போடணும்?